தடியா, வாக்கரா, சக்கர நாற்காலியா? வாங்கும் முன் எது தடுமாறுகிறது என்று பாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவர் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்ததும், "ஒரு வாக்கர் வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வாங்குவது சுலபம். சிக்கல் அதற்குப் பிறகுதான். முழங்கால் தேய்மானத்துக்குத் தோதான தடி, பார்க்கின்சன் (நடையை மந்தமாக்கும் மூளை நரம்பு நோய்) உள்ளவருக்குக் காலுக்குக் குறுக்கே வரும் இன்னொரு பொருள் மட்டுமே. மூச்சிரைப்பு உள்ளவருக்குக் கைகொடுக்கும் நான்கு சக்கர வாக்கர், மறதிநோய் உள்ளவரிடம் பிடியை விட்டு ஓடும். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துவிட்டவருக்கு இரண்டு கைப்பிடி வாக்கர் எதற்கும் ஆகாது.

ஆகவே வயதைப் பார்த்துக் கருவி வாங்காதீர்கள். வலியா, பலக்குறைவா, சமநிலையா, மூச்சா, கவனமா என்று பாருங்கள். இந்த ஐந்தில் எது முன்னால் நிற்கிறது என்று தெரிந்தால் தேர்வில் பாதி முடிந்தது.

கடைக்குப் போகும் முன் ஒரு கால் மணி நேரம்

முதலில் இரத்த அழுத்தம். பெரியவரை 5 நிமிடம் படுக்க வைத்து அளவெடுங்கள். எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால், நிற்கும்போது மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. காலைக் குறை சொல்லிப் பயனில்லை. இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள், பார்க்கின்சன் மருந்துகள், நீண்ட நாள் சர்க்கரை நோயில் வரும் நரம்புப் பாதிப்பு என்று காரணம் பல. மருந்தின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றிக் கொடுத்ததும் சுவரைப் பிடிப்பதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நாமாக மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது.

அடுத்து, எழுந்து நடக்கும் சோதனை. கைப்பிடியுள்ள நாற்காலி, உட்காரும் பலகை தரையிலிருந்து 46 செ.மீ. அளவில் இருக்கட்டும். 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விநாடிக் கணக்கை விட அவர் நடந்த விதம் அதிகம் சொல்லும். எழும்போதே கை நாற்காலியின் பிடியைத் தேடினால் தொடையில் பலம் குறைவு. கோட்டில் திரும்ப ஏழெட்டுச் சிற்றடி வைத்தால் பார்க்கின்சன் பக்கம் சந்தேகம் போக வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து விந்தினால் இடுப்போ முழங்காலோ வலிக்கிறது. பாதத்தையே பார்த்துக்கொண்டு நடந்தால் அங்கே உணர்ச்சி மங்கியிருக்கலாம். போக வர 6 மீட்டருக்கே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நுரையீரலையும் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

பலத்தைத் தனியாகப் பார்க்க, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் தசை நலிந்திருக்கிறது. சமநிலைக்கு, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து 10 விநாடி நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும்.

கடைசியாகக் கவனம். அவர் நடந்துகொண்டிருக்கும்போது சாதாரணமாக எதையாவது கேளுங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிட்டால், நடையே அவருடைய கவனம் முழுவதையும் பிடித்து வைத்திருக்கிறது. 1997-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு, இப்படி நிற்பவர்கள் பின்னர் விழும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இவருக்கு ஏற்ற கருவி, யோசிக்க வைக்காத கருவி. "தூக்கு, வை, ஒரு அடி, இன்னொரு அடி" என்று மனத்துக்குள் கணக்குப் போட வைக்கும் எதுவும் இவருக்குப் பாரம்.

தடி: வலிக்கும், லேசான தள்ளாட்டத்துக்கும்

எல்லாவற்றிலும் எளிமையானது தடிதான். அதிகம் தப்பாகப் பிடிக்கப்படுவதும் அதுதான். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, வலிக்கும் பக்கம்தானே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பார்கள். காரணம் இடுப்பில் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் உடம்பின் எடை அந்த இடுப்பு மூட்டுக்கு உள்பக்கமாக விழுகிறது. இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இருக்க, மூட்டை ஒட்டியிருக்கும் பக்கவாட்டுத் தசைகள் பலமாக இழுக்கின்றன. எடையும் அந்த இழுவையும் சேர்ந்து மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. எதிர்க் கையிலுள்ள தடி மூட்டிலிருந்து வெகு தூரத்தில் ஊன்றுவதால், நீண்ட நெம்புகோல் போல, சிறிய அழுத்தத்திலேயே அந்தத் தசைகளின் வேலையைக் குறைத்துவிடும். தடியில் 10 கிலோ ஊன்றினால் இடுப்பு மூட்டில் குறையும் பாரம் அதைப் போலப் பல மடங்கு. அதே பக்கக் கையில் பிடித்தால் இந்த நெம்புகோல் கிடைக்காது. உடம்புதான் தடிப் பக்கம் சாயும். முழங்கால் வலியானாலும் எதிர்க் கைதான்.

தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும், பிறகு நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதில்தான்.

உயரம் பார்க்க, தினமும் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டு நிற்கச் சொல்லுங்கள். கை தளர்ந்து தொங்கட்டும். மணிக்கட்டின் உள்மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே தடியின் பிடி. பிடித்ததும் முழங்கை 20 முதல் 30 பாகை மடங்கியிருக்கும். முதுகு கூனியவரை நிமிர்த்தி வைத்து அளக்கக்கூடாது. அவர் நடக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். மரத் தடியாக இருந்தால் அடி ரப்பரைக் கழற்றிவிட்டுத் தலைகீழாக நிறுத்தி, மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் குறித்து, ரப்பரின் கனத்துக்காக 1 செ.மீ. குறைத்து அறுக்கலாம். வீட்டில் முன்பு வேறொருவர் வைத்திருந்த தடியை அப்படியே எடுத்துக் கொடுப்பதுதான் அடிக்கடி நடப்பது. உயரம் கூடிய தடி தோளைத் தூக்கிவிடும், குறைந்த தடி ஆளைக் குனிய வைக்கும். இரண்டிலும் ஒரு மாதத்தில் புதிதாக ஒரு வலி சேரும்.

பிடியிலும் வித்தியாசம் உண்டு. குடைக் கைப்பிடி போல வளைந்தது பார்க்க அழகு, ஆனால் உள்ளங்கையின் பாரம் தண்டுக்கு நேர் மேலே விழாது. அன்னக் கழுத்து போல வளைந்து நேராகும் தண்டில் பாரம் நேராக இறங்கும். ஊன்றி நடப்பவருக்கு அதுதான் நல்லது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணியவருக்கு உள்ளங்கை வடிவில் அகன்ற பிடி உண்டு. அதில் இடது, வலது வேறு வேறு. வாங்கும்போது இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

இனி தடியைத் தலைகீழாகத் திருப்பி அடி ரப்பரைப் பாருங்கள். புதிதில் வட்ட வட்டமாக வரிகள் இருக்கும், ஓரம் கூராக இருக்கும். வரிகள் ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று மழுங்கியிருந்தால் அவர் தடியைச் சாய்த்து ஊன்றுகிறார்: உயரம் கூடுதல், அல்லது உடம்பிலிருந்து எட்டி ஊன்றுகிறார். நடுவில் உலோகம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஈரத் தரையில் அது ஐஸ் மேல் ஊன்றுவதற்குச் சமம். ரப்பர் வாங்கப் போகும்போது தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து கொண்டு போங்கள். 19, 22 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். தளர்வாக மாட்டியது பாதி வழியில் கழன்றுவிடும்.

தடியால் தாங்க முடிவது நன்றாகப் பழகியவருக்கே உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. அதற்கு மேல் ஊன்ற வேண்டியிருந்தால் மணிக்கட்டு வீங்கி, தோள் கடுத்து, தடி போதவில்லை என்பதை உடம்பே சொல்லிவிடும்.

சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்குத் தடி வேறு வேலை செய்கிறது. அங்கே அது முட்டு அல்ல, தகவல். விரல் நுனி அசையாத ஒரு பொருளை லேசாகத் தொட்டாலே உடம்பின் ஆட்டம் குறைவது நன்கு அறியப்பட்ட விஷயம். பாதம் சொல்லாத தரையை உள்ளங்கை சொல்கிறது. ஆகவே இவருக்கு எடை குறைந்த ஒற்றைத் தடியே போதும். ஆனால் பாதத்தில் புண் இருந்தால் தடியை நம்பி நடக்க விடக்கூடாது. புண்ணின் மேல் விழும் அழுத்தத்தை எடுக்கத் தனிக் காலணியோ கட்டோ வேண்டும்.

நான்கு கால் தடி: பக்கவாதத்துக்கு

ஒரு கை மட்டும் வேலை செய்கிறவருக்குத் தடியை விடக் கூடுதல் பிடிமானம் வேண்டுமென்றால் இதுதான். தானாக நிற்கும் என்பதே பெரிய வசதி: கதவைத் திறக்க அந்த ஒரே கையைத்தான் எடுக்க வேண்டும், தடி கீழே விழுந்தால் குனிந்து எடுப்பது அவருக்கு ஒரு கண்டம்.

அடிப்பலகையின் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வெளியே விரிந்தும் இருக்கும். நேர்ப் பக்கம் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். கை மாற்றும்போது இதைத் திருப்பி மாட்டாமல் விட்டால், விரிந்த கால்கள் பாதத்துக்கு நேராக வந்து தடுக்கும். நான்கு முனையும் ஒரே நேரத்தில் தரையில் படாவிட்டால் இது சாதாரணத் தடியை விட மோசம். வேகமாக நடப்பவர் பின்கால்களில் ஊன்றி முன்கால்களில் உருட்டிவிடுவார். அகன்ற அடி, குறுகிய படியில் உட்காராது. மெதுவாக, சம தரையில், ஒற்றைக் கையோடு நடப்பவருக்கு மட்டும் இது ஒத்துவரும். மற்ற யாருக்கும் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. "நான்கு கால் இருக்கிறதே, பத்திரம்" என்று முழங்கால் வலிக்காரருக்கு வாங்குவது வீண்.

இதோடு ஒன்று பார்க்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு தடுக்கி விழுகிறவருக்குப் பல நேரம் குறை கையில் இல்லை, பாதம் தொங்குவதில் இருக்கிறது. கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கால்தாங்கி ஒன்று, எந்தத் தடியும் செய்யாத வேலையைச் செய்யும். முதலில் அதைக் கேளுங்கள்.

அக்குள் கட்டை முதியவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். அக்குளில் தொங்கிவிடுவார்கள், அங்கே ஓடும் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகும்.

சக்கரமில்லாத வாக்கர்

வாக்கர் என்றதும் மனத்தில் வரும் நான்கு கால் அலுமினியச் சட்டம் இது. அசையாது என்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில், காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று மருத்துவர் கட்டுப்பாடு போட்டிருக்கும்போது, இதுவே சரி. பாரத்தைக் கைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

எடை 2, 3 கிலோதான். கேட்கக் குறைவு. ஆனால் ஒவ்வோர் இரண்டு காலடிக்கும் ஒரு தடவை தூக்கி வைக்க வேண்டும். படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு 10 மீட்டர் என்றால் இருபது தடவைக்கு மேல் தூக்கியாக வேண்டும். இப்படி நடக்கும்போது ஒரு மீட்டருக்குச் செலவாகும் ஆக்சிஜன், கருவியில்லாமல் நடப்பதைப் போல இரண்டு மடங்கையும் தாண்டும். இதயம் பலவீனமானவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர் இதோடு நடந்து பாதியில் உட்கார்ந்துவிடுவது சோம்பலால் அல்ல. தூக்கும் அந்த நொடியில் உடம்பு பின்னால் சாயும் என்பதால் பார்க்கின்சனுக்கும் இது ஆகாது. பாதம் ஒட்டிக்கொள்வது போல உறைந்து நிற்பதும் இதனால் கூடும்.

விபத்து நடக்கும்போது மட்டும் நேர்வதில்லை, எழும்போதும் நேர்கிறது. கவனித்துப் பாருங்கள்: நாற்காலியில் ஆழ உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வாக்கர். இரண்டு கையாலும் அதன் பிடியைப் பற்றித் தன்னை இழுத்துக்கொண்டு எழுகிறார். முன்கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன, சட்டம் அவர் மேலேயே சாய்கிறது, அவர் வாக்கரோடு சேர்த்துப் பின்னால் விழுகிறார். சரியான வழி: முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுக்க வேண்டும். இரு கையாலும் நாற்காலியின் பிடியை அழுத்தி, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவு முன்னே சாய்ந்து எழ வேண்டும். நின்று ஒரு மூச்சு விட்ட பிறகு ஒவ்வொரு கையாக வாக்கருக்கு. உட்காரும்போது தலைகீழ் வரிசை: காலின் பின்பக்கம் இருக்கையில் படும் வரை பின்னே வந்து, பிடியைக் கையால் தேடித் தொட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

நடக்கும்போது செய்யும் தப்பு, முன் குறுக்குக் கம்பியில் வயிறு இடிக்கும் அளவு உள்ளே போவது. பாதங்கள் பின்கால்களின் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்றால் போதும்.

முன்சக்கர வாக்கர்

ஒரே வார்த்தையில் ஒரு சிபாரிசு கேட்டால், வீட்டுக்குள் நடக்க வாக்கர் தேவைப்படும் முதியவர்களில் பெரும்பாலோருக்கு இதைத்தான் சொல்வோம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ரப்பர் அல்லது வழுக்கும் முனை. தள்ளினால் போகும், ஊன்றினால் நிற்கும். வேறு எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. பிரேக் இல்லை, அதனால் பிரேக்கை மறக்கவும் முடியாது. மறதிநோயின் ஆரம்பத்திலும், இதய பலவீனத்திலும், எலும்பு முறிவுக்குப் பிறகு பாரம் வைக்க அனுமதி கிடைத்த கட்டத்திலும் இதுவே நடுவழி.

பின்முனை வெறும் ரப்பராக இருந்தால் சொரசொரப்பான தரையில் திக்கித் திக்கி நிற்கும், பெரியவர் மறுபடி தூக்க ஆரம்பிப்பார். வழுக்கும் முனை மாட்டினால் சரியாகும். சக்கரம் சிறிதாக இருந்தால் நிலைப்படியில் முட்டும். வாங்கும் முன் கழிப்பறைக் கதவின் திறந்த அகலத்தை அளந்துவிடுங்கள். வாக்கரின் வெளி அகலம் 60 செ.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். பக்கவாட்டில் திருப்பி நுழைய வேண்டியிருந்தால் அவர் அதை வாசலிலேயே விட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்கையோடு போவார்.

நான்கு சக்கர வாக்கர்

கைப்பிரேக், இருக்கை, கூடை எல்லாம் உள்ளது. பார்த்ததும் ஆசை வரும். இரண்டு பேருக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி.

ஒருவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர். முன்னே சாய்ந்து கைகளை ஊன்றியதும், தோளோடு சேர்ந்த மார்புத் தசைகள் கையை அசைக்கும் வேலையை விட்டு மூச்சு இழுக்க உதவுகின்றன. மூச்சு வாங்கினால் உட்கார இருக்கையும் கூடவே வருகிறது. ஆக்சிஜன் உருளையையும் ஏற்றிக்கொள்ளலாம். 6 நிமிட நடைச் சோதனையில் 300 மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான் பலன் அதிகம். அதைத் தாண்டி நடப்பவருக்குப் பலன் குறைவு.

இன்னொருவர், முதுகுத் தண்டுக் கால்வாய் குறுகியவர். நிமிர்ந்து நடந்தால் தொடையும் கெண்டைக்காலும் கடுத்து மரத்துப்போகும். குனிந்தால் கால்வாய் சற்று விரிந்து வலி விடும். தள்ளுவண்டியின் மேல் சாய்ந்து நடந்தால் வெகுதூரம் போக முடிகிறது என்று அவரே சொல்வார். அவருக்குப் பிடியைச் சற்றுத் தாழ்த்தி வைக்கலாம். முதுகெலும்பு நொறுங்கியவருக்கு நேர் எதிர்: குனிவு முள்ளெலும்பின் முன்பக்கத்தில் பாரத்தைக் கூட்டும், ஆகவே பிடி உயரமாக இருக்கட்டும்.

இது பாரம் தாங்கும் கருவி அல்ல. ஊன்றினால் ஓடும். எலும்பு முறிவின் ஆரம்பத்தில் வேண்டாம். அடிகள் குறுகி வேகம் தானாகக் கூடும் பார்க்கின்சன் உள்ளவர் இதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அவருக்கென்றே பிடியை அழுத்தினால் மட்டும் ஓடி, விட்டால் நிற்கும் பிரேக் உள்ளவை வருகின்றன. கால் உறைந்து நிற்கிறவருக்குத் தரையில் சிவப்புக் கோடு காட்டும் லேசர் உள்ளவையும் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற எண்ணமே காலை விடுவிக்கிறது. பார்க்கின்சனுக்குக் கருவி பார்க்கும்போது மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் நடக்கவிட்டு முடிவெடுக்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முந்தைய அரை மணியிலும் நடக்க விடுங்கள். மருந்தின் பலன் குறைந்து நடை தடுமாறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

பிரேக்கைச் சோதிக்க, கைப்பிடியைக் கீழே அழுத்திப் பூட்டிவிட்டு வண்டியைத் தள்ளுங்கள். சக்கரம் உருண்டால் கம்பி தளர்ந்திருக்கிறது, திருகி இறுக்க வேண்டும். பூட்டாமல் உட்காருவதுதான் இதில் விழும் முக்கிய வழி. உட்காரும்போது பூட்டி, முடிந்தால் வண்டியைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, பிறகு உட்கார வேண்டும். அவரை அதில் உட்கார வைத்து யாரும் தள்ளக்கூடாது. அது நாற்காலி அல்ல, சிறு மேட்டில் முட்டினால் கவிழும்.

சக்கர நாற்காலி: தூரத்துக்கு, வீட்டுக்குள் அல்ல

நாலடி நடக்கக்கூடியவரை நாள் முழுதும் சக்கர நாற்காலியில் வைத்தால், சில வாரங்களில் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகத் தொடங்கும், தொடைத் தசை கரையும். அதற்குப் பிறகு நாலடியும் இல்லை. வெளியே போக, மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தைக் கடக்க, இதய பலவீனத்தில் களைப்பு மிஞ்சிய நாளில் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அளவு முக்கியம். இருக்கையின் அகலம் இடுப்பை விட இரு பக்கமும் சேர்த்து 2.5 முதல் 5 செ.மீ. கூடுதல். ஆழம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தை விட 5 செ.மீ. குறைவு, ஆழம் கூடினால் சரிந்து உட்கார்ந்து வால் எலும்பில் புண் வரும். பாதப் பலகை தரையிலிருந்து 5 செ.மீ. மேலே. கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்தோ முன்னே குனிந்தோ பின்புறத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சரிவுப் பாதை போடுவதானால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்.

ஒரே உடம்பில் மூன்று நோய் இருந்தால்

உண்மையில் வருகிறவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். ஒரு நோய், ஒரு கருவி என்று யாருக்கும் அமைவதில்லை. நாங்கள் பின்பற்றும் வரிசை: முதலில் கவனம், அடுத்து கை (பிடிக்கவும் ஊன்றவும் முடிகிறதா என்பது), அடுத்து சமநிலை, பிறகு மூச்சு, கடைசியாக வலி. மேலே உள்ளது கீழே உள்ளதை வெட்டும்.

மூச்சிரைப்பும் மறதிநோயும் சேர்ந்திருந்தால், மூச்சுக்கு நான்கு சக்கரம் நல்லது, ஆனால் பிரேக்கை மறப்பார். ஆகவே முன்சக்கர வாக்கர், நடக்கும் வழியில் இரண்டு இடத்தில் நாற்காலி. முழங்கால் தேய்மானமும் மரத்த பாதமும் இருந்தால், வலிக்கு எதிர்க் கையில் தடி சரிதான். ஆனால் குதிகால்-விரல் சோதனையில் நிற்கவே முடியாவிட்டால் வீட்டுக்குள் முன்சக்கர வாக்கர், படியில் மட்டும் தடியும் கைப்பிடியும். முடக்குவாதத்தில் மணிக்கட்டால் ஊன்ற முடியாதவருக்கு இடுப்பு முறிந்தால் சாதாரணப் பிடி உதவாது. முன்கையை முழுவதும் வைத்து ஊன்றும் தாங்கி பொருத்திய வாக்கர் வேண்டும். இடுப்பு முறிவும் இதய பலவீனமும் உள்ளவருக்குச் சக்கரமில்லாத வாக்கரைப் பாரக் கட்டுப்பாடு உள்ள நாள் வரை மட்டும் கொடுத்து, கட்டுப்பாடு எடுத்த அன்றே முன்சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதால், மூன்று மாதத்துக்கு வாங்கியது ஆயுளுக்கும் நிற்கிறது.

எதை வாங்கினாலும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முன்னால் ஒரு முறையாவது நடந்து காட்டட்டும்: திரும்புவது, நிலைப்படி தாண்டுவது, உட்காருவது மூன்றும். தொடைக்கும் சமநிலைக்கும் பயிற்சி தொடர வேண்டும். கருவி பலத்தைக் கூட்டாது. இரண்டு வாரம் கழித்து அதே 3 மீட்டர் சோதனையைக் கருவியோடு செய்து, விநாடியையும் நடையையும் ஒப்பிடுங்கள்.

அவர் வாக்கரை ஓர் அறையில் விட்டுவிட்டு அடுத்த அறைக்கு வந்துவிடுவது தினமும் நடக்க ஆரம்பித்தால் திட்டாதீர்கள், பின்னாலிருந்து பாருங்கள். வரும் வழியில் கை மேசையையும் கதவையும் தொட்டுத் தொட்டு வந்தால் கருவி இன்னும் தேவை. மறந்துதான் வந்திருக்கிறார், அவர் எழும் நாற்காலிக்கு முன்னாலேயே அது நிற்கும்படி வைக்க வேண்டும். கை எதையும் தேடாமல் வீசி நடந்து வந்தால், தடிக்கு இறங்கலாமா என்று மறுபடி அளந்து பார்க்கும் நாள் வந்துவிட்டது.